சுமந்தவளின் பெயர்

எம்பெருமான் முருகனின் பெருங்கருணையினால் எமது ஆலய ஆண்டு மலர் இவ்வருடமும் அடியார்கள் கரங்களில் தவழ்கின்றது. அடியேன் இம்மலரிலே வழமையாகத் திருப்பணி வரவு செலவையும், மகோற்சவ உபயகாரர் விபரத்தையும் தான் எழுதுவதுண்டு. முப்பத்தைந்து வருடங்கள் அரசாங்க எழுதுவினைஞராகப் பணிபுரிந்து இளைப்பாறியவனுக்குக் கணக்கும் பதிவேடும் கைவந்தவை. தத்துவம் எழுதும் தகுதி உண்டென்று நான் எண்ணியதில்லை. எனினும் சென்ற வருட மகோற்சவ காலத்தில் நடந்த ஒரு சிறு சம்பவம் மனதை விட்டு அகலவில்லை. அதுபற்றி எம்மூரவர் சிலர் வீதியிலும் சந்தியிலும் பேசியதும் காதில் விழுந்தது. ஆகவே அதனை எழுதுமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது மறுக்க முடியவில்லை.

ஏழாம் திருவிழாவன்று காலை, அருச்சனைப் பற்றுச்சீட்டு எழுதும் மேசையில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த எமதூர்ப் பெண்ணொருத்தி, பத்து வயது மதிக்கத்தக்க மகனைக் கையில் பிடித்தபடி வந்தாள். கணவன் பெயர், தன் பெயர், மகன் பெயர், அவரவர் நட்சத்திரம் எல்லாம் சொன்னாள். எழுதினேன். பின்பு, "இன்னொரு பேரும் எழுதவேணும் மாமா" என்று ஒரு பெயரைச் சொன்னாள். எம்மவர் மத்தியில் வழங்காத பெயர்.

"நட்சத்திரம் என்ன பிள்ளை?"

"தெரியாது மாமா."

"ஆர் அது?"

சற்றுத் தயங்கி, "இவனைச் சுமந்தவ" என்றாள்.

பதினான்கு வருடம் பிள்ளையில்லாதிருந்து, இரண்டு முறை கருத்தங்கிக் கலைந்து, இனிக் கருப்பை தாங்காது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்ட பின்னர், 2012 இல் இந்தியாவிற்குச் சென்று வாடகைத்தாய் மூலம் பெற்ற பிள்ளை அவன். "கடுதாசியிலை பேர் மட்டும் இருந்தது மாமா. முகம் ஒருக்காலும் காட்டேல்லை. பிள்ளையைத் துணியிலை சுத்தித் தந்திச்சினம். அவவை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு கேட்டன். காசு குடுத்தாச்சு, இனி அவவோடை உங்களுக்கு ஒரு அலுவலும் இல்லை எண்டு சொல்லிப் போட்டினம்."

நான் அந்தப் பெயரை எழுதி, நட்சத்திரம் என்ற இடத்தில் "கார்த்திகை" என்று எழுதிக் கொடுத்தேன். குருக்களையா அப்படியே சங்கற்பம் செய்து அருச்சனை செய்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களில் இருவர் அன்று மாலையே என்னிடம் வந்து, "இப்பிடிப் பிறந்த பிள்ளைக்குக் கோயிலிலை அருச்சனை செய்யலாமோ? துடக்கு ஆருக்கு?" என்று கேட்டனர். பரிபாலன சபை உறுப்பினர் ஒருவரோ, "தெரியாத நட்சத்திரத்தைப் பொய்யாக எழுதலாமா?" என்று கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விகள். அவற்றிற்கு என் சிற்றறிவுக்கு எட்டிய பதிலே இக்கட்டுரை. அப்பிள்ளையின் தாயாரின் சம்மதத்துடனேயே, பெயர் விபரம் தவிர்த்து இதனை எழுதுகின்றேன்.

வாடகைத்தாய் என்றால் என்ன?

1978 ஆம் ஆண்டு யூலை 25 ஆம் திகதி இங்கிலாந்தில் உலகின் முதலாவது பரிசோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. கணவனின் விந்தையும் மனைவியின் முட்டையையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கி, அதனைத் தாயின் கருப்பையில் வைக்கும் முறை அது. அக்கருவைப் பெற்றவளின் கருப்பையில் அன்றி, வேறொரு பெண்ணின் கருப்பையிலும் வைக்கலாம் என்பது அடுத்த படியாயிற்று. அவ்வாறு பிறருக்காகச் சுமந்து பெற்றுக் கொடுப்பவளையே வாடகைத்தாய் என்கிறோம். வீட்டுக்கு வாடகை உண்டு, வாகனத்துக்கு வாடகை உண்டு. தாய் என்ற சொல்லுக்கு முன்னால் அச்சொல் வந்து நிற்பதைக் கேட்கும்போதே நெஞ்சு சற்றுக் கூசுகின்றது. அந்தக் கூச்சம் எதைக் குறிக்கின்றது என்பதையே ஆராய வேண்டும். ஒருத்தி கருவை இன்னொருத்தி சுமப்பது பாவமா? அல்லது வேறெங்கோ பிழை நிற்கின்றதா?

கந்தபுராணம் காட்டும் வழி

எமது ஆலயத்தில் ஆண்டுதோறும் கந்தபுராணப் படிப்பு நடைபெறுகின்றது. முருகப்பெருமானின் திருவவதாரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். சிவபெருமானின் நெற்றிக் கண்களிலிருந்து ஆறு பொறிகள் தோன்றின. அவற்றை வாயுவும் அக்கினியும் சுமந்தனர். அவர்களால் தாங்க முடியாதபோது கங்கை ஏற்றாள். அவள் சரவணப் பொய்கையில் சேர்த்தாள். அங்கே ஆறு குழந்தைகளாய்த் தோன்றிய பெருமானுக்குக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தனர். பின்னர் உமாதேவியார் வந்து ஆறு திருவுருவையும் சேர்த்தணைக்க ஒரு திருவுருவானார்.

எத்தனை பேர் தாங்கினர், எத்தனை பேர் வளர்த்தனர் என்று பாருங்கள். அவர்களில் ஒருவரையேனும் புராணம் மறைத்ததா? இல்லை. கங்கை தாங்கியமையால் காங்கேயன். சரவணத்தில் வளர்ந்தமையால் சரவணபவன். கார்த்திகைப் பெண்கள் பாலூட்டியமையால் கார்த்திகேயன். அம்மை ஒன்று சேர்த்தமையால் கந்தன். பாலூட்டிய பெண்களைச் சிவபெருமான் வெறுங்கையுடன் அனுப்பிவிடவில்லை. இவன் உங்கள் பிள்ளையென்னும் பெயர் பெறுவான் என்றும், உங்களுக்குரிய நாளில் இவனை நோன்பிருந்து வழிபடுவோர் குறை தீர்ப்போம் என்றும் வரமளித்தார். நாம் மாதந்தோறும் கார்த்திகை விரதம் பிடிப்பது அந்த வரத்தின் பயனே. வளர்த்தவர்களின் நாளிலேயே பிள்ளையை வழிபடுகிறோம்.

வைணவ புராணமும் இதனையே சொல்கின்றது. தேவகியின் ஏழாவது கரு உரோகிணியின் வயிற்றுக்கு மாற்றப்பட்டது. அவ்வாறு பிறந்த பலராமரை உரோகிணியின் மைந்தன் என்றே உலகம் அழைத்தது.

ஆகவே, பிறர் கருவைச் சுமப்பது தெய்வத்துக்கு அடுக்காத செயல் என்று சொல்ல எமது சமயம் இடந்தரவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு ஆலயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே சமயம் இன்னொன்றையும் புராணம் வலியுறுத்துகின்றது. சுமந்தவளின் பெயர் பிள்ளையோடு நிற்கவேண்டும். காசு கொடுத்தாயிற்று, அலுவல் முடிந்தது என்று அவளை அழித்து விடுவதே அதர்மம்.

கூலியும் கடனும்

"அந்தப் பெண் சம்மதித்துத்தானே சுமந்தாள்? பணம் பெற்றாள், வீடு கட்டினாள், தன் பிள்ளைகளைப் படிப்பித்தாள். எமது நாட்டுப் பெண்களும் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்று உழைக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வறுமையில் இருப்பவளுக்கு வருமானத்துக்குரிய வழியொன்றை அடைத்துவிட்டு, மாற்று வழி காட்டாமல் இருப்பதும் தர்மம் ஆகாது.

எனினும் ஒரு வேறுபாட்டைக் காணவேண்டும். தோட்டத்தில் கொத்துகிறவன் மாலையில் மண்வெட்டியை வைத்துவிட்டு வீடு செல்கிறான். சுமப்பவளுக்கு மாலையும் இல்லை, விடுமுறையும் இல்லை. அவள் உண்பது, உறங்குவது, நடப்பது எல்லாம் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுகின்றன. ஊசி மருந்துகளும், பல வேளைகளில் சத்திர சிகிச்சையும் அவள் உடம்பிலேயே நடக்கின்றன. பிரசவம் என்பது உயிராபத்து உள்ள காரியம். அதனாலன்றோ அதனை மறுபிறப்பு என்று எமது கிழவிகள் சொன்னார்கள்.

கணக்கெழுதிய எனக்கு ஒரு பாடம் தெரியும். கூலியைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினால் கணக்கு முடிந்துவிடும். கடன் அப்படியல்ல. சில கடன்கள் எவ்வளவு கொடுத்தாலும் தீராமல் ஏட்டில் நிற்கும். தாய்க்குப் பட்ட கடன் அத்தகையது. எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தடிகள் தாயின் ஈமக்கிரியைக்கு மட்டும் வந்து நின்றார் என்பது நாம் கேட்டறிந்ததே. சுமந்தவளுக்குப் பணம் கொடுப்பது பாவமென்று நான் சொல்லவில்லை. அந்தப் பணத்தைக் கடன் தீர்ந்ததற்கான பற்றுச்சீட்டாக எண்ணுவதே பிழை என்கிறேன்.

துடக்குப் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதுவே என் பதில். விதியைக் குருமாரிடம் கேட்டறியுங்கள். ஆனால் முப்பத்தொரு நாளும் பெற்றவளை ஒரு வேலையும் செய்யவிடாது இருத்தி, காயச்சரக்கு அரைத்துச் சரக்குக்கறி ஆக்கிக் கொடுத்தார்களே எமது தாய்மார்! பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பிய அந்தப் பெண்ணுக்கு யார் சரக்கு அரைத்துக் கொடுத்தார்கள்? நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்லவா?

உலகம் கண்ட வழக்குகள்

1985 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரு பெண், தன் முட்டையிலேயே உருவான குழந்தையைப் பத்தாயிரம் டொலருக்குப் பெற்றுக் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தாள். பெற்றபின் அவளால் பிள்ளையைப் பிரிய முடியவில்லை. 1988 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. பிள்ளையைத் தந்தையிடம் வளரவிட்டாலும், பெற்றவளே சட்டப்படி தாய் என்று தீர்த்தது. மனதை முற்பணம் வாங்கி எழுதிக் கொடுக்க முடியாது என்பதை உலகம் அன்று கண்டது.

2008 இல் இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் ஒரு ஜேர்மன் தம்பதியருக்காக இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர். ஜேர்மனியின் சட்டம் வாடகைத்தாய் முறையை ஏற்பதில்லை. பிறப்புப் பத்திரத்தில் தாய் யார், பிள்ளைகள் எந்த நாட்டுப் பிரஜைகள் என்று வழக்காயிற்று. பெற்றெடுத்தவள் இந்தியப் பெண்ணாதலால் பிள்ளைகள் இந்தியப் பிரஜைகளே என்று குஜராத் மேல் நீதிமன்றம் 2009 இல் கூறியது. பிள்ளைகள் ஜேர்மனி போய்ச் சேர 2010 ஆயிற்று.

2014 இல் தாய்லாந்துப் பெண்ணொருத்தி அவுஸ்திரேலியத் தம்பதியருக்காகச் சுமந்த இரட்டையரில் பெண் குழந்தை அவுஸ்திரேலியா சென்றது. டவுண் குறைபாட்டுடன் பிறந்த ஆண் குழந்தை சுமந்தவளிடமே நின்றது. பெற்றோர் கைவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை 2016 இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் ஏற்கவில்லை. யார் பக்கம் பிழை இருந்தாலும், கூடப்பிறந்தவர்கள் இரு நாடுகளில் பிரிந்தது உண்மை. 2015 இல் தாய்லாந்து, வெளிநாட்டவருக்காக இவ்வாறு சுமப்பதைச் சட்டத்தால் தடுத்தது.

அதே 2015 ஏப்ரலில் நேபாளத்தைப் பூமியதிர்ச்சி உலுக்கியபோது, இஸ்ரேலியத் தம்பதியருக்காக அங்கே பிறந்த பச்சிளங் குழந்தைகளை அந்நாடு விமானம் மூலம் பத்திரமாக எடுத்துச் சென்றது. பிள்ளைகளைக் காப்பாற்றியது நற்செயல். ஆனால் அவர்களைப் பெற்றெடுத்த பெண்கள் இடிபாடுகளின் நடுவே அங்கேயே நின்றார்கள்.

பதிவேட்டில் ஒரு நிரல்

இவை எங்கோ நடந்தவை, எமக்கென்ன என்று எண்ண வேண்டாம். எனது சேவைக்காலத்தில் சில வருடங்கள் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் இருந்தேன். இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் இழந்த சனங்கள் முதலில் கேட்டு வந்து நின்றது பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கே. தகப்பன் பெயருக்குரிய நிரல் வெறுமையாக இருந்த பதிவுகளைக் கண்டிருக்கிறேன். கண்டெடுக்கப்பட்ட பிள்ளைகளைத் தவிர்த்தால், தாய் பெயருக்குரிய நிரல் வெறுமையாக இருந்ததைக் கண்டதில்லை.

அந்த நிரலில் பொய் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு எமது நாடே சாட்சி. 1980 களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான பச்சிளங் குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவற்றுட் பலவற்றில் தரகர்கள் புகுந்து, பெற்றவள் அல்லாத பெண்களைத் தாய் என்று கொண்டுவந்து நிறுத்தி, பத்திரங்களில் பொய்ப்பெயர் பதிவித்தனர். 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதனை வெளிக்கொணர்ந்தது. 2020 இல் சுவிற்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 இல் நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது. அப்பிள்ளைகள் இன்று நாற்பது வயதைத் தொட்டவர்கள். நல்ல வளர்ப்புப் பெற்றோர், நல்ல தொழில் எல்லாம் இருந்தும், கையில் ஒரு பழைய பத்திரத்துடன் இலங்கைக்கு வந்து, அதிலுள்ள பெயருக்குரிய பெண்ணைத் தேடுகிறார்கள். தேடிப்போன பெண் தன் தாயல்ல என்று அறிந்து திரும்பியவர்களும் உண்டு. தாயின் பெயர் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதை இதற்குமேல் யார் சொல்லித்தர வேண்டும்?

பணமின்றிச் சுமப்பது தீர்வாகுமா?

இந்தியா 2015 இல் வெளிநாட்டவருக்கு இம்முறையை மூடியது. 2021 இல் நிறைவேற்றப்பட்டு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பணத்துக்காகச் சுமப்பது அங்கே குற்றம். வைத்தியச் செலவும் 36 மாதக் காப்புறுதியும் மட்டுமே கொடுக்கலாம். சுமப்பவள் மணமானவளாய், சொந்தமாக ஒரு பிள்ளையாவது பெற்றவளாய், 25 முதல் 35 வயதுக்குட்பட்டவளாய் இருக்கவேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் சுமக்கலாம்.

நோக்கம் நல்லது. ஆயினும் எமது குடும்பங்களை அறிந்தவன் என்ற வகையில் ஒரு சந்தேகம் எழுகின்றது. பணம் இல்லையென்றவுடன் வற்புறுத்தல் இல்லாமற் போய்விடுமா? வீட்டுக்கு வந்த ஏழை மருமகளிடம், சீதனம் குறைவாகக் கொண்டுவந்தவளிடம், மூத்தவர்கள் எல்லாரும் கூடியிருந்து, "உன்ரை மச்சாளுக்காக இதைச் செய்" என்றால் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வைத்தியருக்குப் பணம், சட்டத்தரணிக்குப் பணம், சுமப்பவளுக்கு மட்டும் புண்ணியம் என்பதும் முழு நீதியாகத் தெரியவில்லை. தியாகம் என்பது தானாக மனமுவந்து செய்வது. பிறர் செய்விப்பது தியாகமன்று.

ஆகவே அடியேன் எண்ணுவது இதுதான். அவள் தன் மனதாரச் சம்மதிக்க வேண்டும். மறுத்தால் அவளுக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது. ஆபத்து வந்தால் அவள் உயிரே முதலாவது. இழக்கும் வருமானமும், பிரசவத்தின் பின்னான பராமரிப்பும் குறைவின்றிக் கொடுக்கப்பட வேண்டும். பிள்ளை எப்படிப் பிறந்தாலும் வேண்டுமென்று கேட்டவர்கள் ஏற்கவேண்டும். இடையில் தரகர் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக அவள் பெயர் மறைக்கப்படக் கூடாது. பிள்ளை வளர்ந்ததும் அது சொல்லப்பட வேண்டும். இவை இல்லாவிடின் அக்காரியத்தில் இறங்காதிருப்பதே நன்று.

எமது பங்கு

பிள்ளையற்ற தம்பதியரை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிவிட முடியாது. அந்தப் பெண் கடல் கடந்து போய்க் கடன்பட்டுப் பிள்ளை தேடியதற்கு எம்மூர் நாவும் ஒரு காரணம். பூப்புனித நீராட்டு விழாவில் ஆராத்தி எடுக்க அவளை விலக்கினோம். கலியாண வீட்டில் "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டோம். கேட்கத் தகாத ஒரு பட்டத்தையும் முதுகுக்குப் பின்னால் கொடுத்தோம். அவற்றை நிறுத்தினாலே எத்தனையோ பேர் அவசரமின்றி ஆறுதலாகச் சிந்திப்பார்கள். பிள்ளை இல்லாத வாழ்வும் நிறைவான வாழ்வே என்று சிலர் அமைவார்கள். வேறு சிலர் தத்தெடுக்க முன்வருவார்கள். பிள்ளைகளைத் தத்தெடுப்பதற்கான கட்டளைச்சட்டம் எமது நாட்டில் 1941 முதல் உண்டு. நீதிமன்றத்தின் மூலம் நேர்மையாகச் செய்யக்கூடிய காரியம் அது. கார்த்திகைப் பெண்களும் பெறாது வளர்த்தவர்களே என்பதை மறவாதிருப்போம்.

இனி, தெரியாத நட்சத்திரத்தை ஏன் எழுதினேன் என்ற கேள்வி. பதிவேட்டில் ஒருநாளும் பொய்யெழுதாதவன் நான். அன்று எழுதியது பொய்யென்று என் மனம் சொல்லவில்லை. பிறர் பிள்ளையைத் தாங்கிய பெண்களுக்கென்று எம்பெருமான் ஒரு நட்சத்திரத்தையே வைத்திருக்கிறான். பெயர் மட்டும் தெரிந்த, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு அதனைவிடப் பொருத்தமான நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை. பிழையாயின் முருகன் பொறுத்தருள்வானாக.

தீபாராதனை முடிந்து வரும்போது அந்தச் சிறுவன் தாயிடம், "அம்மா, மற்றப் பேர் ஆருடையது?" என்று கேட்டான். "வீட்டை போய்ச் சொல்லுறன் ராசா" என்று அவள் விபூதியை அவன் நெற்றியில் பூசினாள். அடுத்த வருடமும் வந்தால் அந்தப் பெயரை அவனே சொல்லி அருச்சனை செய்விப்பான் என்று நம்புகின்றேன்.

எங்கோ ஓர் ஊரில் வாழும் அந்தத் தாய்க்கும், பிள்ளைப்பேறு வேண்டி எம்பெருமான் சந்நிதியில் கண்ணீர் விடும் அனைத்துத் தம்பதியர்க்கும், பெற்றோரைத் தேடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வள்ளி தேவசேனா சமேத முருகப்பெருமானின் திருவருள் கிடைக்கப் பிரார்த்தித்து அமைகின்றேன்.

முருகன் துணை.